‘சி’ என்றால் கடல்

இந்த எடத்துக்கு ஆளு உண்டா அண்ணாச்சி? இல்லயா, சரி, அந்தப் பையைச் சித்த மடியில வச்சுக்கிடுங்க. நான் பாளையங்கோட்டை போறேன். நீங்க? செய்துங்கநல்லூரா. நல்லது, அதுவரைக்கும் பேச்சுத் தொணையாச்சு. எனக்குப் பேசாம இருந்தா தல சுத்தும். பஸ்ஸுலயும் சுத்தும், படகுலயும் சுத்தும். பேசிக்கிட்டே போனா தெரியாது.

பதினோரு மணிக்குள்ள கொண்டு விட்டுருவானா இவன்? பதினோரு மணிக்கு வக்கீலம்மா ஆபீஸ்ல இருக்கணும். ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். என் தங்கச்சி மாப்பிள்ளை வளைகுடாவுல ஜெயில்ல கெடக்கான். மூணு வருசம் போட்டுட்டானுவ. மேல்கோர்ட்டுக்கு மனு கொடுக்க நாளையோட கெடு முடியுது. அந்த மனுவோட என் கையெழுத்து உள்ள தாளும் போனா அவன் வெளிய வர வழி இருக்குன்னு வக்கீலம்மா சொல்லுதா. போகலன்னா மூணு வருசமும் அங்கனதான்.

கொலை இல்ல அண்ணாச்சி, களவும் இல்ல. மீனு சினை.

சிரிக்காதீய. நானும் மொதல்ல சிரிச்சவன்தான். நம்ம பக்கத்துல அயலைச் சினை, சாளைச் சினைன்னு மசாலா தடவி வறுத்துத் திங்கோம்லா, அந்த மாதிரி ஒரு மீனோட சினை. மீனுக்குப் பேரு ஸ்டர்ஜன். சினைக்குப் பேரு கேவியர். கடுகைவிடக் கொஞ்சம் பெருசு, மிளகைவிடச் சின்னது, கறுப்பா மினுங்கும். உப்பு மட்டும் போட்டு, சின்ன நீல டப்பாவுல அடைச்சு, பனிக்கட்டி மேல வச்சுக் கொடுப்போம். வெள்ளிக் கரண்டி படப்படாது, சிப்பிக் கரண்டிதான். ஒரு கரண்டி வாயில போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிடுவானுவ. நான் ஒரு தடவை தின்னு பாத்தேன். உப்பு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல.

நான் பதினோரு வருசம் அங்கன ஒரு பெரிய ஓட்டல்ல, குளிர் கிச்சன்ல இருந்தேன். அடுப்பே கெடையாது, எல்லாம் பச்சையா அடுக்கித் தட்டுல வைக்கிற வேலை. அதுக்கு முந்தித் தூத்துக்குடியில எறால் கம்பெனி. கணவாய்த் தோல் உரிக்கிற செக்‌ஷன். கணவாய்த் தோல் உரிச்சிருக்கியளா? கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும், மூலையப் பாத்துப் புடிச்சா ஒரே இழுப்புல முழுசா வரும், அவசரப்பட்டா நார் நாராக் கிழியும். என் கையில கிழியாது. இந்தா உங்க தண்ணி பாட்டில், இதைச் சுத்தித் தாளு ஒட்டியிருக்கே, கொடுங்க, பேசிக்கிட்டே எடுத்துக் காட்டுதேன். கையி சும்மா இருந்தா எனக்குப் பொழுது போகாது.

எங்க ஊரு ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெக்க. எங்க ஊர்ல இங்கிலீசு தெரிஞ்சவன்னா அது சிரில்தான், நான்தான். கான்வென்டுல எட்டு வரைக்கும் படிச்சேன். விசாப் பேப்பர் வந்தா, ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தா, என்கிட்டத்தான் கொண்டு வருவாங்க. வாசிச்சு அர்த்தம் சொல்லுவேன். ஒரு தடவைகூடத் தெரியாதுன்னு சொன்னதில்ல. தெரியாதுன்னு சொல்லி எனக்குப் பழக்கமே இல்ல. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க, நான் பிழைச்சதே அப்படித்தான்.

மாப்பிள்ளைய நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். ரூபர்ட்னு பேரு. அவன் கடல்ல போறவன். கொஞ்சம் கிறுக்கு உண்டு அவனுக்கு. வலையில சிங்கி றால்னு பெரிய எறால் ஏறுமா, வயித்துப் பக்கம் சினை ஒட்டியிருந்தா அதைக் கழத்தித் திரும்பக் கடல்ல விட்டுருவான். எவ்வளவு விலை போற சரக்கு! கூடப் போறவனெல்லாம் திட்டுவான். ‘பெத்துட்டு வரட்டும், பொறவு புடிச்சுக்கிடுவோம்’னு சொல்லுவான். ஊர்ல அவனுக்கு ‘பேறுகாலம்’னே பட்டப்பேரு. இவனை வச்சுக்கிட்டு என் தங்கச்சி எப்படிக் கரை சேருவான்னு எனக்குக் கவலை. அவ கேக்கல. பிளாரி ஒண்ணுமே கேக்கல, சொல்லிட்டேன். நானாத்தான் சொன்னேன், கடல்ல கெடந்து என்னலே செய்யப்போற, வா, ஏசி ஸ்டோர்ல ஒக்காந்து வாற சரக்குக்குக் கையெழுத்துப் போடுன்னு. வந்தான். ஸ்டோர் கீப்பர் வேலை.

குரும்பூர் வந்துட்டா? பரவாயில்ல, வேகமாத்தான் போறான்.

எங்க விட்டேன்? டப்பா. அந்த நீல டப்பா ஒவ்வொண்ணுலயும் மூடியும் அடியும் சேருத எடத்துல ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். அது சும்மா அழகுக்கு இல்ல. உலகத்து அரசாங்கமெல்லாம் சேந்து போட்ட சட்டம் அது. டப்பாவத் தொறந்தா அந்தத் தாள் கிழியணும். ஒரு தடவைதான், மறுபடி ஒட்டப்படாது. அதுல என்ன மீனு, எந்த நாடு, எந்த வருசம், எந்தக் கம்பெனி எல்லாம் எழுத்தும் நம்பருமா அச்சடிச்சிருக்கும். நடுவுல ஒரே ஒரு இங்கிலீசு எழுத்து மட்டும் தனியா நிக்கும். எங்க ஓட்டலுக்கு வாற எல்லா டப்பாவுலயும் ‘சி’ன்னு இருக்கும்.

‘சி’ன்னா என்ன அண்ணாச்சி? சீ. கடல். பாத்த அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு. கடல் மீனுன்னு போட்டிருக்கான். கிச்சன்ல எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், ஒரு நேபாளிப் பையன் நோட்டுலயே எழுதி வச்சுக்கிட்டான்.

ஆந்த்ரேன்னு ஒரு மேனேஜர், சரக்கு வாங்குற பொறுப்பு. எந்த நாட்டுக்காரன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, எல்லா பாசையும் பேசுவான். ஒருநாள் காலி டப்பாவ நான் கழுவிக்கிட்டிருக்கேன், வந்து நிக்கான். இந்தத் தாளைக் கிழியாம எடுக்க முடியுமான்னு கேட்டான். முடியாது, கிழியும்படித்தான செஞ்சிருக்கான், நடுவுல பொடிப்பொடியா வெட்டு வச்சிருக்கான்லா. ஆனா என்கிட்ட வந்து முடியுமான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சீல் ஒடையாத ஒரு டப்பாவ எடுத்து, டீ போடுற கெட்டில் ஆவியில ஒரு சாண் தள்ளிக் காட்டி, மூலையில நகத்தக் குடுத்து, கணவாய்த் தோல் மாதிரியே உரிச்சுக் கொடுத்துட்டேன். ஒரு வெட்டுகூட விரியல. தங்க விரல்னான். எல்லார் முன்னாலயும் சொன்னான்.

பொறவு அதுவே வேலையாப் போச்சு. புது டப்பா வந்தா நான் தாளை உரிச்சுத் தட்டுல காய வைப்பேன். மாசத்துக்கு ரெண்டு தடவை ஆந்த்ரே ஆளு பிளாஸ்டிக் வாளியில சினை கொண்டாருவான். அதைக் காலி டப்பாவுல ரொப்பி, தாளை ஒட்டி, மூடிருவோம். ரூபர்ட் ஸ்டோர்ல வாங்கிக் கையெழுத்துப் போடுவான். அவன் ஒரு தடவை கேட்டான் என்கிட்ட. ‘மச்சான், வாளியில வாறது எங்க உள்ள சரக்கு, இதுக்கு எதுக்குப் பழைய தாளு’ன்னு கேட்டான். எல்லாம் ஒரே கம்பெனிச் சரக்குதான், பேப்பர் சரியா இருக்கு, நான் வாசிச்சுட்டேன், நீ கையெழுத்துப் போடுன்னேன். போட்டான். நான் வாசிச்சுட்டேன்னு சொன்னா அவனுக்குப் போதும்.

போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அதிகாரிங்க வந்தாங்க. வாளியோட புடிச்சாங்க. ஆந்த்ரே அன்னைக்குக் காலையிலயே பிளேன் ஏறிட்டான். டப்பா நூத்துச் சொச்சம் கொண்டு போயி, சினையப் பரிசோதனையில போட்டுப் பாத்தாங்க. என்னையும் ரூபர்ட்டையும் தனித்தனி ரூம்புல ஒக்கார வச்சாங்க. என்கிட்டப் பேசினது ஒரு பொம்பளை அதிகாரி. மரியாதையாத்தான் பேசினா, மொழி சொல்ல ஒரு மலையாளத்தானும் கூட இருந்தான். அவன் எனக்குத் தேவையில்ல, ஆனாலும் இருந்தான்.

அவ ஒரு படத்தக் காட்டினா. ஒரு ஆளு நீளத்துக்கு மேல மீனு, முதுகுல எலும்புத் தட்டு வரிசையா, வயித்தக் கீறிப் போட்டிருக்கான். இந்த மீனு சினை வைக்கப் பதினஞ்சு வருசம் ஆவும், சிலது இருவது வருசம்கூட ஆவும், சினைய எடுக்கணும்னா மீனைக் கொல்லுதாங்க, அதனால இனமே அழியப் போவுதுன்னு சொன்னா. இருக்கிற கொஞ்சத்தையும் திருட்டுத்தனமாப் புடிச்சு, பண்ணை மீனோட தாளை ஒட்டி விக்காங்க, பண்ணைத் தாளை ஒட்டிட்டா எவனுக்கும் தெரியாதுன்னா. நான் கேட்டுக்கிட்டிருந்தேன். எங்க ஊர்லயும் தடைக்காலம் உண்டு மேடம், மீனு குஞ்சு பொரிக்கணும்னு அறுவத்தொரு நாள் விசைப்படகைக் கட்டிப் போடுவாங்க, எங்களுக்குத் தெரியாததான்னு சொன்னேன். அவ எழுதிக்கிட்டா.

பொறவு கேட்டா. வாளியில வந்தது எங்க உள்ளதுன்னு உனக்குத் தெரியுமா?

இப்ப நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. தெரியுமான்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? தெரியும்னேன். கடல்ல உள்ளதுன்னேன். எப்படித் தெரியும்னா. நாங்க கடக்கரைக்காரங்க மேடம், கடல் மீனு எது, வளப்பு மீனு எதுன்னு வாசத்துலயே சொல்லிருவோம், தாள்லயும் ‘சி’ன்னு போட்டிருக்கே, கடல் சரக்குக்குக் கடல்னுதான ஒட்டியிருக்கோம், இதுல என்ன தப்புன்னேன். அவ மலையாளத்தானப் பாத்தா. அவன் தரையப் பாத்தான். பொறவு, உன் மச்சினனுக்கும் தெரியுமான்னு கேட்டா. அவனுக்குத் தெரியாம இருக்குமா, அவன் கடல்லயே பொறந்து வளந்தவன், எனக்கே தெரியும்போது அவனுக்குத் தெரியாதான்னேன்.

பெருமையாத்தான் சொன்னேன். நம்ம வீட்டுப் பிள்ளைய மட்டமாச் சொல்ல முடியுமா?

அதுதான் வாக்குமூலம். நடந்ததை ஒளிக்காமச் சொன்னேன்னு என்னைச் சாட்சியா வச்சுக்கிட்டு, நாலு மாசத்துல ஊருக்கு ஏத்தி விட்டுட்டாங்க. ரூபர்ட் தனக்குத் தெரியாதுன்னே சொல்லியிருக்கான். தெரியும்னு வீட்டு ஆளே சொல்லிட்டான், கையெழுத்தும் உன்னுதுன்னு அவனுக்கு மூணு வருசம். அந்தப் பொம்பளை கடைசியில என்கிட்ட, ‘சி’ன்னா கடல் இல்ல, பண்ணையில வளத்ததுன்னு அர்த்தம், ‘கேப்டிவ்’னு ஒரு வார்த்தையோட மொத எழுத்துன்னு சொன்னா. அவளுக்கு அவங்க சட்டம், என்ன வேணும்னாலும் சொல்லுவா. ஆனா பரிசோதனையில என்ன வந்துச்சு தெரியுமா? கடல் மீனுன்னுதான் வந்துச்சு. அப்ப நான் சொன்னது சரிதான? அதை ஒருத்தரும் பேச மாட்டேங்காங்க.

ஊருக்கு வந்தேன். மொத நாள் பிளாரி வீட்டுக்குப் போனேன். சோறு வச்சா. கருவாட்டுக் களத்துல வேலைக்குப் போறா இப்ப, கையெல்லாம் உப்பு அரிச்சுக் கெடக்கு. நடந்ததைச் சொன்னேன், வாசம் வச்சு நான் கண்டுபிடிச்சதையும் சொன்னேன். அவ அழல, ஏசல. தட்டைப் பாத்துக்கிட்டே, ‘கடல் வாசம் உனக்கு எப்படிண்ணே தெரியும்? நீ கடலுக்கே போனதில்லயே’ன்னா.

அது உண்மைதான். ஒரே ஒரு நாள் போனேன், பதினாறு வயசுல. வாந்தி எடுத்து மயங்கிட்டேன், பாதியில திருப்பிக் கொண்டு வந்து போட்டுட்டாங்க. ஆனா அதை அன்னைக்குச் சொல்லணுமா? அன்னையிலேர்ந்து எனக்கு ஒண்ணும் தோண மாட்டேங்கு அண்ணாச்சி. பல்லுக்கு மரப்பு ஊசி போட்டாக் கன்னம் கெடக்குமே, அப்படி. கிள்ளினா கையிக்குத் தெரியுது, கன்னத்துக்குத் தெரியல. திங்கேன், ஒறங்குதேன், ஊர்ல வந்து தாளு வாசிக்கச் சொன்னா வாசிச்சுக் கொடுக்கேன்.

பொறவுதான் இந்த வக்கீலம்மா வந்தா. நான் உளறின அந்த வாக்குமூலம் வெறும் ஊகம்னு நானே எழுதிக் கொடுத்தா அந்தக் கேஸு ஆடிப் போயிரும்னு சொன்னா. ரெண்டு தடவை போன்ல கேட்டா. எனக்கு இங்கிலீசு தெரியாது, எழுத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், வாசம் புடிக்கவும் தெரியாதுன்னு சொல்லணுமாம். நான் எப்படிச் சொல்லுவேன்? பொய் சொல்ல மாட்டேன்னுட்டேன். ரெண்டு தடவையும்.

ஆழ்வார்திருநகரி தாண்டிட்டான். நீங்க எறங்க இன்னும் நேரம் கெடக்கு.

நேத்து பிளாரி வந்தா. மாசக்கணக்கா என் வாசல்ல கால் வைக்காதவ. ஒரு கவரைக் கொடுத்தா. பசை போட்டு ஒட்டி, மேல ஒரு தாளையும் குறுக்க ஒட்டியிருந்தா. ‘இப்ப வேற மாதிரி எழுதியிருக்கு அண்ணே, உனக்கு ஒரு கொறையும் வராது, நீ வக்கீலம்மாகிட்டக் கொடுத்து, காட்டுத எடத்துல கையெழுத்து மட்டும் போட்டுட்டு வந்துரு, பிரிக்காத’ன்னா. சரின்னேன். வேற மாதிரின்னாப் போட வேண்டியதுதான.

பிரிக்காதன்னு என்கிட்டச் சொன்னா.

இன்னைக்குக் காலையில திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னேன். பாய்லர்ல ஆவி வந்துக்கிட்டிருந்துச்சு. கவரை ஒரு சாண் தள்ளிக் காட்டினேன். குறுக்க ஒட்டின தாளு மொதல்ல வந்துச்சு, பொறவு கவர். ஒரு நார்கூடக் கிழியல.

உள்ள ரெண்டு தாளு. ஒண்ணு தமிழ்ல டைப் அடிச்சது. ‘சிரில் மச்சாது ஆகிய எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது’ன்னுதான் ஆரம்பிக்குது. ஒண்ணும் மாத்தல, போன்ல சொன்னது அப்படியே இருக்கு. இன்னொண்ணு பிளாரி கையால எழுதின சீட்டு, வக்கீலம்மாவுக்கு. மனப்பாடம் ஆயிட்டு அண்ணாச்சி, சின்னச் சீட்டுதான். ‘அம்மா, அண்ணன் வருவான். தாளை அவனுக்கு வாசிச்சுக் காட்டாதீங்க. இங்கிலீசு தெரியாதுன்னு எழுதியிருக்கிறது அவனுக்குத் தெரிய வேண்டாம். கையெழுத்துப் போடுற எடத்தை மட்டும் காட்டுங்க. அவன் என் வீட்டுக்காரர் பேர்ல கெடுதல் நெனச்சுச் சொல்லல. அவனுக்குத் தெரியாதுங்கிறது அவனுக்கே தெரியாது. ஊர்ல அவனுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் எடுத்துராதீங்க.’

அவ்வளவுதான். புருசன் ஜெயில்ல கெடக்கான், அதுக்கு நடுவுல இதை எழுதியிருக்கா.

திரும்ப ஒட்டிட்டேன். பாருங்க, பிரிச்ச மாதிரி தெரியுதா? தெரியாது. ஆந்த்ரே பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்.

அண்ணாச்சி, உங்களப் பாத்தா வாத்தியார் மாதிரி இருக்கு. ஒண்ணு கேக்கட்டா? அந்தக் ‘கேப்டிவ்’னு சொன்னாளே, அதுக்குத் தமிழ்ல என்ன?

அடைபட்டதா. சிறை புடிச்சு வச்சிருக்கிறதா. மீனுக்கும் அப்படித்தான் சொல்லுவாங்களா, மனுசனுக்கும் அதே வார்த்தையா?

சரி.

அப்ப கடல் இல்ல.

இல்ல, தண்ணி வேண்டாம், தல சுத்தல. சும்மாதான் இருக்கேன். ஒங்க பாட்டில் இந்தாங்க, தாளு முழுசா வந்துட்டு, இதையும் வச்சுக்கிடுங்க, கிழியல.

நான் யோசிச்சுக்கிட்டு வாறது வேற ஒண்ணு. என் கையெழுத்து இங்கிலீசுலதான். பாஸ்போர்ட்டு, பேங்க், எல்லாத்துலயும் அப்படித்தான். மொத எழுத்தே அந்த ‘சி’தான், பெருசா வளைச்சுப் போடுவேன், ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இங்கிலீசு தெரியாதுன்னு எழுதின தாளுக்கு அடியில இங்கிலீசுல கையெழுத்து இருந்தா அந்த ஊரு ஜட்ஜு என்ன நெனப்பாரு? பிளாரிக்கு அது தோணல பாருங்க, என் கௌரவத்தைப் பாத்தவளுக்கு. அந்தப் பொம்பளை அதிகாரி மொத ஆளாக் கேப்பா. பின்ன மாப்பிள்ளை எப்படி வெளிய வருவான்?

செய்துங்கநல்லூர் போர்டு தெரியுது. எறங்குங்க, பையப் பாத்து எடுத்துக்கிடுங்க. கண்டக்டர் அண்ணே, ஆளு எறங்குது, கொஞ்சம் நிறுத்துங்க.

ஒரே ஒரு நிமிசம் அண்ணாச்சி. கைநாட்டு வைக்கணும்னா வக்கீல் ஆபீஸ்ல மை இருக்கும்லா? எந்தக் கை வைக்கணும், இடதா, வலதா? எனக்குத் தெரியாது.